தொட்டிலைக் காத்த நாய்

வேல்ஸின் வடபகுதியில் பெத்கெலர்ட் என்று ஒரு சின்ன மலைக் கிராமம் இருக்கிறது. அங்கே ஆற்றங்கரைப் புல்வெளியில் ஒரு சமாதி. அதற்குள் உறங்குவது மனிதன் அல்ல, கெலர்ட் என்ற வேட்டை நாய் என்கிறார்கள். 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த லெவெலின் என்ற இளவரசனின் நாயாம் அது. ஒரு நாள் அவன் வேட்டைக்குப் போனான். நாய் கூட வரவில்லை. திரும்பி வந்தபோது வாயெல்லாம் ரத்தத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடி வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, துணியெல்லாம் ரத்தம், குழந்தையைக் காணோம். லெவெலின் வாளை உருவி நாயைக் குத்திவிட்டான். நாய் அலறிய அலறலில் தொட்டிலுக்கு அடியிலிருந்து குழந்தை விழித்து அழுதது. பக்கத்திலேயே ஒரு பெரிய ஓநாய் செத்துக் கிடந்தது. அதன் பிறகு இளவரசன் வாழ்நாளில் சிரிக்கவே இல்லை என்பது கதை.

இந்தச் சமாதி அவ்வளவு பழையது அல்ல. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊரில் விடுதி நடத்திய டேவிட் பிரிச்சர்ட் என்பவர் ஏற்பாடு செய்ததுதான் அது. கண்ணீர் விட வருகிறவர்கள் இரவு தங்க அறை வேண்டுமே! ஊரின் பெயர்கூட நாயால் வந்ததல்ல, பழைய காலத்துத் துறவி ஒருவர் பெயரால் வந்திருக்கலாம் என்கிறார்கள். வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் என்ற கவிஞர் இந்தக் கதையைப் பாட்டாக எழுத, 19-ம் நூற்றாண்டு முழுக்க ஆங்கிலம் படித்த குழந்தைகள் கெலர்டுக்காக அழுதார்கள்.

கதை எங்கிருந்து வந்தது என்று 1892-ல் தன் கெல்டிக் கதைத் தொகுப்பில் எழுதினார் ஜோசப் ஜேக்கப்ஸ். அவர் தேடிக்கொண்டு போய் நின்ற இடம் இந்தியா. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் வரும் பிராமணன் மனைவியும் கீரிப்பிள்ளையும்தான் இளவரசனுக்கும் கெலர்டுக்கும் மூதாதையர். பாம்பு ஓநாய் ஆனது, கீரி நாய் ஆனது, தண்ணீர்க் குடம் வாள் ஆனது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை புதிது அல்ல. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கோவலன் செய்த நல்ல காரியங்களை மாடல மறையோன் வரிசையாகச் சொல்வான். அதில் ஒன்று, கீரியைக் கொன்ற பாவத்துக்காகக் கணவன் கைவிட்டுப் போன ஒரு பார்ப்பனப் பெண்ணின் கதை. அவள் தெருத்தெருவாக அலைகிறாள். கோவலன் பொருள் கொடுத்து அவள் பாவத்தைத் தீர்த்து, கணவனோடு சேர்த்து வைக்கிறான். ஏன் கொன்றாள், எப்படிக் கொன்றாள் என்றெல்லாம் இளங்கோ விளக்கவே இல்லை. கேட்பவர்களுக்குத் தெரிந்த கதை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது "ஆராயாமல் எதையும் செய்யாதே" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் பஞ்சதந்திரத்தின் ஒரு வடிவத்தில் கதையின் ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் உண்டு. பெரும்பாலும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாய் கீரியைத் தன் பிள்ளை மாதிரிதான் வளர்க்கிறாள். பால் கொடுக்கிறாள், குளிப்பாட்டுகிறாள். அப்படி இருந்தும், என்ன இருந்தாலும் அது மிருகம்தானே என்று அதைக் குழந்தையோடு தனியே விட அவளுக்கு மனம் வரவில்லை. தண்ணீருக்குப் போகும்போது "குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அவன் கேட்கவில்லை. வீட்டைத் திறந்து போட்டுவிட்டு யாசகத்துக்குப் போய்விட்டான். பாம்பு வருவது அதற்குப் பிறகு. கீரி பாம்பைக் கொல்கிறது, தாய் கீரியைக் கொல்கிறாள். கடைசியில் அவள் திட்டுவது கீரியையோ விதியையோ அல்ல, பேராசையால் வீட்டை விட்டுப் போன கணவனைத்தான். அவள் சந்தேகம் இந்த ஒரு கீரி விஷயத்தில் தப்பாகப் போனது. ஆனால் அவள் வைத்த ஏற்பாடு தப்பல்ல.

கதையின் எல்லா வடிவங்களிலும் இந்தத் தாயின் சந்தேகம் இல்லை. ஹிதோபதேசத்தில் தகப்பனே கீரியைக் காவல் வைக்கிறான், அவனே கொல்கிறான். தாய்க்குச் சந்தேகமும் இல்லை, பேச்சும் இல்லை. 6-ம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும் 8-ம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா மூலம் அரபிக்கும் பஞ்சதந்திரம் போனது. ஐரோப்பாவில் 'ரோமின் ஏழு ஞானிகள்' என்ற கதைத் தொகுப்பில் இதே கதை வந்தபோது கீரி இருந்த இடத்தில் உயர்ஜாதி வேட்டை நாய் நின்றது. ஐரோப்பாவில் கீரியை வீட்டில் வளர்ப்பவர் இல்லையே. வீட்டுக்குள் நடமாடி, தொட்டில் அருகே படுத்துக்கொள்ளும் மிருகம் அங்கே நாய்தான்.

அந்த நாயைப் பிரான்சில் சாமியாகவே கும்பிட்டார்கள். 13-ம் நூற்றாண்டில் லியோன் நகரத்துக்கு வடக்கே ஊர் ஊராகப் போன எட்டியேன் த பூர்போன் என்ற டொமினிக்கன் துறவி அதைப் பார்த்து அதிர்ந்துபோய் எழுதி வைத்திருக்கிறார். பெண்கள் பாவமன்னிப்புக் கேட்க வந்தபோது, குழந்தைகளைப் புனித கினிஃபோரிடம் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். யாரோ புனிதர் என்று நினைத்து விசாரித்தால், கினிஃபோர் என்பது ஒரு நாய்! எஜமானும் மனைவியும் வெளியே போனபோது, தாதியும் போய்விட்ட நேரத்தில், தொட்டிலை நெருங்கிய பாம்பைக் கடித்துக் குதறிய நாய். மிச்சம் தெரிந்த கதைதான். கொன்ற பிறகு உண்மை தெரிந்து, நாயைக் கோட்டை வாசலில் இருந்த கிணற்றில் போட்டுக் கல்லால் மூடி, சுற்றி மரம் நட்டார்கள். கோட்டை பாழான பிறகும் மக்கள் அந்தத் தோப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள், நோயுள்ள குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு.

அங்கே நடந்த சடங்கைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். நோஞ்சான் குழந்தை தங்கள் குழந்தையே அல்ல, காட்டுத் தேவதைகள் மாற்றி வைத்துவிட்டுப் போனது என்பது அந்த ஊர் நம்பிக்கை. தாயும் வழிகாட்டும் ஒரு கிழவியும் உப்பைக் காணிக்கை வைப்பார்கள். குழந்தையை இரண்டு மரங்களுக்கு நடுவே ஒன்பது முறை அப்படியும் இப்படியும் மாற்றிப் பிடிப்பார்கள். பிறகு துணி எதுவும் இல்லாமல் மரத்தடியில் வைக்கோலில் கிடத்தி, தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அழுகை காதில் விழாத தூரம் போய்விடுவார்கள். மெழுகுவர்த்தி எரிந்து முடிந்த பிறகுதான் திரும்ப வரவேண்டும். மெழுகுவர்த்தி விழுந்து எரிந்தே செத்த குழந்தைகள் உண்டு என்று அந்தத் துறவியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண், தூரத்திலிருந்து பார்த்தபோது காட்டிலிருந்து ஓநாய் குழந்தையை நோக்கி வந்ததாகவும், மனம் தாளாமல் ஓடிவந்து விரட்டியதாகவும் சொன்னாள். தனியே விடப்பட்ட குழந்தையைக் காப்பாற்றிய நாயின் சமாதியில், குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். துறவி எலும்புகளைத் தோண்டி எடுத்து, தோப்பை வெட்டி, இரண்டையும் சேர்த்து எரித்தார். வழிபாடு நின்றதா? இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசிவரை அந்த இடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். ஷான் க்ளோத் ஷ்மிட் என்ற வரலாற்று ஆசிரியர் 1979-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் கினிஃபோருக்குக் கோயில் இல்லை, ஆனால் ஓவியம் இருந்தது. எட்வின் லாண்ட்சீர் 1856-ல் வரைந்த ஓவியத்தில், கடலில் மூழ்கப்போன குழந்தையைக் காப்பாற்றிய நியூஃபவுண்ட்லாந்து நாய், குழந்தையை முன்னங்கால்களில் தாங்கியபடி படுத்திருக்கும். கறுப்பு வெள்ளையாக இருக்கும் அந்த வகை நாய்க்கு இன்றுவரை லாண்ட்சீர் என்றே பெயர். 1904 டிசம்பரில் லண்டன் மேடை ஏறிய 'பீட்டர் பான்' நாடகத்தில் டார்லிங் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆயா வேலை பார்ப்பதே நானா என்ற நாய்தான். ஆசிரியர் பாரி வளர்த்த நாயைப் பார்த்துத்தான் நானாவின் உடையைத் தைத்தார்கள். தகப்பன் கோபத்தில் நானாவை முற்றத்தில் கட்டிப்போட்ட அன்று இரவுதான் பிள்ளைகள் ஜன்னல் வழியே பறந்து போகிறார்கள். கேலிக்காக எழுதியதுதான். ஆனாலும் நாயைச் சந்தேகிப்பவன், நாயை விலக்குபவன்தான் குழந்தையை இழப்பான் என்ற பழைய கணக்கு இதிலும் அப்படியே இருக்கிறது.

இதே காலத்தில் பிரிட்டன் ரிவியர் என்ற ஓவியர் இரண்டு விதமான நாய்களை வரைந்தார். சார்லஸ் டார்வின் 1872-ல் வெளியிட்ட, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றிய நூலில், பகையோடு நெருங்கும் நாயையும் அன்போடு குழையும் நாயையும் வரைந்து கொடுத்தவர் அவர். விறைத்த உடம்பு, சிலிர்த்த முடி, தூக்கிய வால் என்று ஒவ்வொன்றும் ஓர் அறிகுறியாக அந்தப் படத்தில் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அவர் வரைந்த 'பரிவு' என்ற ஓவியத்தில், மாடிப்படியில் சோகமாக உட்கார்ந்திருக்கும் சிறுமியின் தோளில் ஒரு வெள்ளை நாய் தலை சாய்த்திருக்கிறது. இந்த ஓவியம் அச்சுப் பிரதிகளாக வீடு வீடாகப் போனது. நாயின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்த முதல் படம் அறிவியல் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

கதையிலும் படத்திலும் இப்படி என்றால், சட்டம் என்ன சொன்னது? மெசபடோமியாவில் எஷ்னுன்னா நகரத்தின் சட்டம் ஏறத்தாழ 3,800 ஆண்டுகள் பழையது. கடிக்கும் நாய் என்று அதிகாரிகள் எச்சரித்த பிறகும் உரிமையாளர் கட்டுப்படுத்தாமல், அது ஒருவரைக் கடித்து அவர் இறந்துபோனால் 40 ஷெக்கல் வெள்ளி தரவேண்டும். இறந்தவர் அடிமை என்றால் 15 ஷெக்கல். கவனிக்க வேண்டியது அந்த 'எச்சரித்த பிறகும்' என்பது. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த இங்கிலாந்துப் பொதுச்சட்டமும் இதே பாதையில்தான் போனது. நாய் ஆபத்தானது என்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. பேச்சுவழக்கில் இதை 'முதல் கடி இலவசம்' என்பார்கள். ஒரு நாயை நம்பக்கூடாது என்று தெரிய அது ஒரு முறையாவது கடித்திருக்க வேண்டும். யாரை என்று சட்டம் கேட்கவில்லை.

19-ம் நூற்றாண்டில் நாய் என்றால் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்தின் பெயர் வெறிநாய்க்கடி. 1885 ஜூலை 6-ம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பூசி போட்டது ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு. 1907-ல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனம் வந்தது. இங்கே அந்தப் பயம் இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இங்கிலாந்தில் வாய்ப்பூட்டு உத்தரவு, வெளிநாட்டு நாய்களுக்குத் தடுப்புக்காவல் என்று கெடுபிடி செய்து 1902-க்குள் அந்த நோயை ஒழித்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பக்க விளைவும் உண்டு. ஆபத்தான நாய் என்றால் தெருவில் எச்சில் ஒழுக ஓடும் நாய் என்றே எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது. அது போனதும் ஆபத்தே போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்கள். சமையலறை மூலையில், நல்ல உடல்நலத்தோடு, பல வருடம் பழகிய நாய் கடிப்பதற்கு ஒரு பெயரே இல்லாமல் போனது.

எண்ணிப் பார்க்க ஆரம்பித்தது 1970-களில்தான். 1974-ல் நியூயார்க் நகரத்து மருத்துவர்கள் எழுதிய கட்டுரை, நாய்க்கடியை 'கண்டுகொள்ளப்படாத கொள்ளைநோய்' என்றே தலைப்பில் சொன்னது. பிறகு பல நாடுகளில் வந்த கணக்குகளும் ஒரே திசையைக் காட்டின. சிறு குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய், கடிபடும் இடம் பெரும்பாலும் வீடு, காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கழுத்திலும். குழந்தையின் உயரம் அப்படி.

அதே காலத்தில்தான் பழைய கதையும் புது வேடம் போட்டுக்கொண்டு வந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் என்பது காளையோடும் நாயோடும் சண்டை போட வளர்க்கப்பட்ட நாய்களின் வழிவந்த இனம். அதைக் குழந்தைகளின் தாதி நாய் என்று அமெரிக்காவில் அந்த இனத்தை வளர்ப்போர் சங்கத் தலைவி சொன்னதாக 1971-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பின்னர் அந்தப் பெயர் பிட் புல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. விக்டோரியா காலத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்த நாய்களைத்தான் வைத்தார்கள் என்று ஒரு வரலாறே கிளம்பிவிட்டது. கையில் கிடைத்த ஆதாரம், நாயோடு குழந்தைகள் நிற்கும் சில பழைய புகைப்படங்கள் மட்டுமே. கடைசியில் பிட் புல்லுக்காகவே பாடுபடும் ஓர் அமெரிக்க அமைப்பு 2013-ல், அந்தப் பெயருக்கு ஆதாரம் இல்லை, அதை நம்பிக் குழந்தைகளை நாயோடு தனியே விடுவது ஆபத்து, இனி பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. தன் கட்சிக்கு உதவும் கதையைத் தானே கைவிடுவது அபூர்வம், பாராட்டத்தான் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தின் கதையும் உண்டு: கெட்ட இனம், நல்ல இனம். 1991 மே மாதம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஆறு வயதுச் சிறுமியை ஒரு பிட் புல் கடித்துக் குதறியது. பத்திரிகைகள் கொதித்தன. சில வாரங்களிலேயே ஆபத்தான நாய்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பிட் புல் உட்பட நான்கு வகை நாய்களுக்குத் தடை. அவசரமாகச் செய்த சட்டத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் இன்றும் அங்கே இதைத்தான் சொல்கிறார்கள். தடைப் பட்டியலில் இல்லாத நாய் கடித்தாலும் தண்டிக்க ஒரு பிரிவு இருந்தது. ஆனால் அது பொது இடத்துக்கும், நாய் இருக்க அனுமதி இல்லாத தனியார் இடத்துக்கும்தான் செல்லும். தன் சொந்த வீட்டில் இருக்கும் நாய்க்கு அது பொருந்தாது. கடிகளில் பெரும்பங்கு எங்கே நடக்கிறதோ அந்த இடத்தைச் சட்டம் வாசலோடு நின்று பார்த்தது. இது மாற 2014 வரை ஆனது. அதற்கும் முக்கியக் காரணமாக இருந்தது வாசல் தாண்டித் தோட்டத்தில் கடிபட்ட தபால்காரர்களின் போராட்டம். 2024 பிப்ரவரியிலிருந்து எக்ஸ்எல் புல்லி என்ற வகையும் தடைப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அது ஆளைக் கொல்லும் பலமுள்ள நாய் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் பட்டியலில் ஒரு பெயர் கூடும்போதெல்லாம், பட்டியலில் இல்லாத தன் வீட்டு நாய் பத்திரமானது என்று ஒவ்வொரு குடும்பமும் நினைத்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடவே வருகிறது.

அந்த நினைப்பைச் சோதித்தவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள். இலானா ரைஸ்னரும் மற்றவர்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளை நாய் கடித்த 111 சம்பவங்களைப் பற்றியது. கடித்தவை 103 நாய்கள். முந்தைய வரலாறு தெரிந்த நாய்களில் 66 சதவீதம் அதற்கு முன் ஒரு குழந்தையையும் கடித்ததில்லை. பெரும்பாலான நாய்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் நாயைப் பயிற்சி வகுப்புக்கே கூட்டிப்போனவர்கள். பாதி நாய்களுக்கு, கடிக்கத் தூண்டியிருக்கக்கூடிய வலியோ நோயோ இருந்தது, அல்லது இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட, வீட்டு நாயோடு பழகிய குழந்தைகள் கடிபட்டது பெரும்பாலும் நாய் தன் சாப்பாட்டையோ பொம்மையையோ காத்துக்கொள்ளும்போது. முன்பே ஒரு குழந்தையைக் கடித்த நாய் இதில் சிறுபான்மை.

குழந்தையின் பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் என்ற உளவியலாளர், நாய்களின் முகங்களைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டிச் சோதித்தார். பல்லைக் காட்டி உறுமும் நாயைப் பார்த்து, நான்கு வயதுக் குழந்தைகளில் பலர் "சிரிக்கிறது" என்றார்கள். மனித முகத்தில் பல் தெரிந்தால் சிரிப்பு. குழந்தைக்குத் தெரிந்த ஒரே அகராதி அதுதான். கடிப்பதற்கு முன் நாய் கொடுக்கும் கடைசி எச்சரிக்கையை, கிட்டே வரச்சொல்லும் அழைப்பாக எடுத்துக்கொண்டு கட்டிப்பிடிக்கப் போகிறது. நாய் சொல்லாமல் கடித்தது என்று பிறகு பெரியவர்கள் சொல்வார்கள். அது சொல்லியிருக்கும். நேராகப் பார்க்காமல் தலையைத் திருப்பியிருக்கும், உதட்டை நக்கியிருக்கும், கொட்டாவி விட்டிருக்கும், எழுந்து வேறு மூலைக்குப் போயிருக்கும். கடைசியாகத்தான் உறுமியிருக்கும். உறுமியதற்காக நாயை அடித்துப் பழக்கிய வீட்டில் அந்தக் கடைசி எச்சரிக்கையும் கிடைக்காது.

சிறு குழந்தையை எந்த நாயோடும் தனியே விடாதே என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் குழந்தை மருத்துவர்களும் சொல்வது இதனால்தான். நாய் கெட்டது என்பதற்காக அல்ல. நாய் பேசுவது குழந்தைக்குப் புரியாது, இருவருக்கும் நடுவில் புரிந்துகொள்ளக்கூடிய மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். அந்த மூன்றாவது ஆளுக்காவது புரிகிறதா என்பதும் சந்தேகம்தான். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், நாயும் குழந்தையும் சேர்ந்திருக்கும் வீடியோக்களைப் பெரியவர்களிடம் காட்டினார்கள். நிபுணர்கள் பயமும் பதற்றமும் பார்த்த நாய்களைப் பார்த்து, பெரும்பாலோர் நாய் நிம்மதியாக இருப்பதாகச் சொன்னார்கள். அதனால்தான் இப்போது ஆலோசகர்கள் "பக்கத்தில் இருங்கள்" என்பதோடு நிறுத்துவதில்லை. சமைக்கவோ தொலைபேசி எடுக்கவோ எழுந்து போவதாக இருந்தால், ஒன்று குழந்தையைக் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது நடுவில் ஒரு தடுப்புக் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்கிறார்கள். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது இருக்கும் பக்கம் குழந்தை போகாதபடி அதே கதவைச் சாத்தி வைக்கச் சொல்கிறார்கள்.